பூஸ்ட் ஏற்றும் முன் பெட்ரோலைக் கவனியுங்கள்: டர்போ காரின் எரிபொருள் அமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில், லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு கார் நிறுத்தும் அளவுக்கு எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. கடலூர், விழுப்புரம், திண்டிவனம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் வருகிறார்கள். பாதிப் பேர் வண்டியை விட்டு இறங்கும்போதே “பெரிய பம்பு ஒன்று போட்டுவிடுங்கள்” என்பார்கள். பக்கத்துக் கடையிலிருந்து தேநீர் வருவதற்குள் மற்ற சந்தேகங்களும் வந்துவிடும். வாய் வலிக்கிறது என்பதால் எழுதி வைத்துவிட்டேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே நிற்கின்றன. அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

“எரிபொருள் அமைப்பு என்று பெரிதாகச் சொல்கிறீர்களே, பம்பைத் தவிர அதில் என்ன இருக்கிறது?”

டேங்குக்குள் மூழ்கி நிற்கும் மின்பம்பு, அதன் வாயில் மாட்டிய வலைப்பை, ஃபில்டர், வண்டியின் அடிவழியே எஞ்சின் வரை வரும் குழாய், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் செருகியிருக்கும் ரெயில் என்ற பொதுக்குழாய், அழுத்தத்தை நிலைநிறுத்தும் ரெகுலேட்டர், சில கார்களில் மிச்சப் பெட்ரோலை டேங்குக்கே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய். இவற்றோடு பம்புக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயரையும் ரிலேவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் பட்டறையில் பிடிபடும் கோளாறுகளில் கணிசமானவை அங்கேதான் கிடக்கின்றன.

பெட்ரோல் போடும் இடத்தையும் சிலர் பம்பு என்பார்கள். இங்கே பம்பு என்றால் டேங்குக்குள் இருப்பது, மற்றது பங்க்.

“பூஸ்டைக் கொஞ்சம்தான் ஏற்றப் போகிறேன். அதற்குப் பெட்ரோல் பற்றாமல் போகுமா?”

டர்போ இல்லாத எஞ்சின் ஒரு பார் காற்றழுத்தத்தில் மூச்சு விடுகிறது. புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ அதன்மேல் இன்னொரு பார் ஏற்றினால் (இந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட்) உள்ளே போகும் காற்று ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. காற்று இரட்டித்தால் பெட்ரோலும் இரட்டிக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் தாங்கள் விற்கும் குதிரைத்திறனுக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டுத்தான் பம்பையும் இன்ஜெக்டரையும் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அந்த இடம் எவ்வளவு என்று தெரியாமல் பூஸ்ட் ஏற்றுவதுதான் ஆபத்து. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையை ‘லீன்’ என்கிறோம். முழு வேகத்தில் கலவை லீனானால் உள்ளே வெப்பம் எகிறும். தீ ஒழுங்காகப் பரவாமல், மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங்.

அதன் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் காரில் 0.8 பாரிலிருந்து 1.1 பாருக்கு ஏற்றிவிட்டு, ஒரு விடியற்காலையில் காலாப்பட்டைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான்காவது கியரில் மிதித்தேன். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம், இரண்டு விநாடிகூட இருக்காது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. பிரித்தபோது மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது. டர்போவுக்குச் செலவழித்ததைப் போல மூன்று மடங்கு எஞ்சினுக்குப் போனது.

“பெட்ரோல் பற்றவில்லை என்பதை உடைவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?”

இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, ரெயிலில் அழுத்தம். மற்றது, புகைக்குழாயில் வைட்பேண்ட் சென்சார் காட்டும் கலவை. கலவையை லாம்டாவில் படிக்கப் பழகுங்கள். 1 என்றால் சரிசமம், அதற்குக் கீழே பெட்ரோல் மிகுதி, மேலே காற்று மிகுதி. டர்போ பெட்ரோல் எஞ்சின் முழுச் சுமையில் பொதுவாக 0.80 முதல் 0.85 வரை ஓட வேண்டும். ஆர்.பி.எம். ஏற ஏற அந்த எண் 0.9, 0.95 என்று நகர்ந்தால் காலை எடுத்துவிடுங்கள்.

அழுத்தத்துக்கு ஒரு சாதாரண முள் மீட்டர் போதும். பானெட்டின் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முன் கண்ணாடியின் வெளிப்புறத்தில் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம். பெட்ரோல் நிறைந்த மீட்டரைக் காருக்குள் கொண்டுவரக் கூடாது. ரிட்டர்ன் உள்ள அமைப்பில், இன்டேக்கிலிருந்து ரெகுலேட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றினால் பெரும்பாலும் 3 பார் காட்டும். மாட்டினால் ஐடிலில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, 2.4 அளவுக்கு இறங்கும். பூஸ்ட் 1 பார் வந்தால் 4-க்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும். ஏறாமல் தேங்கினாலோ ஏறிவிட்டு இறங்கினாலோ விநியோகம் பற்றவில்லை என்று பொருள்.

சாலையில் ஓட்டாமலே சோதிக்கவும் வழி உண்டு. அந்த வேக்குவம் குழாயில் மீட்டர் வைத்த சைக்கிள் பம்பால் 1 பார் காற்றை அடித்துப் பிடித்துக்கொண்டு, ரிட்டர்ன் குழாயை அளவு குறித்த கேனுக்குள் விட்டு, பம்பை 15 விநாடி ஓட்டி அளந்து, 240 ஆல் பெருக்குங்கள். நிஜ அழுத்தத்தில் ஒரு மணிக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று கிடைத்துவிடும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

“சரி, முதலில் எதை மாற்றுவது? பம்பா, இன்ஜெக்டரா?”

பெரும்பாலும் இரண்டும் இல்லை. வைத்திக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி புதுப் பம்பைப் பெட்டியோடு கொண்டுவந்தார். முழுச் சுமையில் அவர் காரில் அழுத்தம் 4 ஏறாமல் 3.1-இல் தேங்கியது. பம்பு போய்விட்டது என்று அவரே தீர்ப்பு எழுதி, பணமும் கட்டியிருந்தார். பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தேன், 13.9 வோல்ட். பின் இருக்கையைத் தூக்கி, பம்பின் கனெக்டரில், பம்பு ஓடும்போதே வைத்தேன், 11.3. நடுவில் இரண்டரை வோல்ட் எங்கோ போகிறது. எர்த் ஒயரைத் தடவிக்கொண்டே போனால் போல்ட்டுக்கு ஒரு சாண் முன்னால் உறை உப்பியிருந்தது. கத்தியால் கீறினேன்; உள்ளே செம்பு இல்லை, பச்சைக் களிம்புதான் பொடியாக உதிர்ந்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வெட்டவெளியில் நிற்கும் கார்.

பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், ஒரு ரிலே, புதிய எர்த். பழைய பம்பு ஒயரை ரிலேயை இயக்க மட்டும் வைத்துக்கொண்டோம். கனெக்டரில் 13.5 வந்தது, அழுத்தம் 4-இல் நின்றது. பம்புப் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். ஆகவே வரிசை இதுதான்: வோல்ட், ஃபில்டர், குழாய்கள், அதன் பிறகு பம்பு, அதன் பிறகு இன்ஜெக்டர்.

“என் கார் எந்த வகை? எல்லா டர்போவும் ஒன்றுதானே?”

இல்லை. இன்ஜெக்டர் இன்டேக் குழாயில் தெளித்தால் போர்ட் இன்ஜெக்ஷன், எரியும் அறைக்குள்ளேயே தெளித்தால் நேரடி இன்ஜெக்ஷன். நெக்ஸானின் 1.2 டர்போ பெட்ரோலும் பழைய லீனியா டி-ஜெட்டும் முதல் வகை. போலோ டி.எஸ்.ஐ., வென்யூ 1.0 டர்போ, ஃப்ராங்ஸ் 1.0 டர்போ ஆகியவை இரண்டாம் வகை. எக்ஸ்.யு.வி.300-இல் இரண்டும் வந்திருக்கின்றன, பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடுத்த சில பதில்கள் போர்ட் வகைக்கு; நேரடி வகைக்குத் தனியாகச் சொல்கிறேன்.

“எத்தனை சிசி இன்ஜெக்டர் வாங்க வேண்டும்?”

கணக்கு எளிது. டர்போ பெட்ரோல் எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு சுமார் 6 சிசி பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 குதிரைத்திறன் வேண்டுமானால் 1,200 சிசி. நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் 300. இன்ஜெக்டரை நூறு சதவீதம் திறந்தே வைக்கக் கூடாது, 80 சதவீதம்தான் எல்லை என்பதால் 300-ஐ 0.8-ஆல் வகுத்தால் 375. கடையில் அதற்கு மேல் கிடைக்கும் அடுத்த அளவை வாங்குங்கள்.

80 சதவீதம் ஏன்? 6,000 ஆர்.பி.எம்.-இல் ஒரு முழுச் சுற்றுக்கு, அதாவது கிராங்க் இரண்டு முறை சுற்றுவதற்கு, 20 மில்லி விநாடிதான் இருக்கிறது. இன்ஜெக்டர் திறக்கவும் மூடவுமே அதில் ஒரு பங்கு போய்விடும். 16 மில்லி விநாடியைத் தாண்டினால் அடைப்பதற்குள் அடுத்த ஆணை வந்து, தெளிப்பது கணக்குக்குள் அடங்காது.

“பின்னால் உதவும் என்று இப்போதே 1,000 சிசி போட்டுக்கொண்டால்?”

காய்ச்சலுக்குப் பத்து நாள் மாத்திரையை ஒரே வேளையில் விழுங்குவது போல. ஐடிலில் எஞ்சினுக்கு வேண்டியது துளிதான். பெரிய இன்ஜெக்டர் அந்தத் துளியைக் கொடுக்க மிகக் குறைந்த நேரமே திறக்க வேண்டும். அந்த எல்லையில் அதன் ஒவ்வொரு தெளிப்பும் ஒரே அளவாக இருக்காது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் தள்ளாடும், புகைச் சோதனையில் தோற்கும்.

புதிய இன்ஜெக்டரின் அளவையும், எந்த வோல்ட்டில் எவ்வளவு தாமதமாகத் திறக்கிறது என்ற அட்டவணையையும், எஞ்சினை ஆளும் கணினியான இ.சி.யு.-வின் மேப்பில், அதாவது அது பார்த்து நடக்கும் கணக்குப் பட்டியலில், ஏற்ற வேண்டும். அந்த அட்டவணை தராத கடையில் வாங்காதீர்கள். மின்தடையையும் பாருங்கள். 12 முதல் 16 ஓம் வரை உள்ளவைதான் பெரும்பாலான இன்றைய இ.சி.யு.-க்களுக்கு ஒத்துவரும். 2, 3 ஓம் உள்ளதை நேரடியாக மாட்டினால் டிரைவர் சர்க்யூட் கருகும்.

“எல்லோரும் 255 லிட்டர் பம்பு போடுகிறார்களே, நானும் போடலாமா?”

மேலே போட்ட கணக்கில் 200 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 1.2 லிட்டர், அதாவது மணிக்கு 72 லிட்டர். பாதுகாப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டினாலும் நூறைத் தொடவில்லை. 255 எதற்கு? பெட்டியில் அச்சிட்டிருப்பது குறிப்பிட்ட அழுத்தத்துக்கும் வோல்ட்டுக்கும் உரிய எண். அழுத்தம் ஏறினால் குறையும், வோல்ட் இறங்கினால் குறையும், உண்மைதான். ஆனாலும் அவ்வளவு குறையாது.

மிதமிஞ்சிய பம்பினால் வேறு தொல்லை. எஞ்சின் குடிக்காத பெட்ரோல் முழுவதும் ரிட்டர்ன் வழியே திரும்ப வேண்டும். அந்தக் குழாய் மெலிந்ததாக இருந்தால் ரெகுலேட்டர் முழுதாகத் திறந்தும் அழுத்தம் இறங்காது, ஐடிலில் 3.5, 4 என்று நிற்கும். எஞ்சின் சூட்டில் சுற்றிவந்த பெட்ரோல் டேங்கையும் சூடாக்கும். கூடுதல் ஆம்பியர் இழுப்பதால் பழைய ஒயரும் காயும்.

“பம்பும் வேண்டாம், இன்ஜெக்டரும் வேண்டாம். ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தை ஏற்றினால் போதாதா?”

கொஞ்சம் கிடைக்கும், கேட்டதெல்லாம் கிடைக்காது. இன்ஜெக்டர் தரும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 பாரில் 380 சிசி தருவது 4 பாரில் 507 தராது, 440-க்குப் பக்கம்தான் தரும். அதே நேரத்தில் பம்பு இன்னும் கூடுதல் அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள வேண்டியிருக்கும், அதன் அளவு குறையும். மேப்பையும் திருத்த வேண்டும். பத்துப் பதினைந்து சதவீதம் மட்டும் தேவைப்படுபவருக்கு இது நியாயமான வழி.

“என் காரில் ரிட்டர்ன் குழாயே இல்லையே?”

இன்றைய கார்கள் பலவற்றில் அப்படித்தான். ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருந்து, ரெயிலில் ஒரே அழுத்தத்தை வைத்திருக்கும். 4 பார் நிலையாக இருக்கும் ரெயிலில் பூஸ்ட் 1 பார் வந்தால், இன்ஜெக்டரின் மூக்கில் எதிர்த்துத் தள்ளும் காற்றைக் கழித்து மிச்சம் 3 பார்தான். ஆக, பூஸ்ட் ஏற ஏற இன்ஜெக்டர் சிறுத்துக்கொண்டே போகிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நடுத்தரத் திறனுக்கு இது தடையில்லை. அதற்கு மேல் போனால் ரிட்டர்ன் குழாயும், பூஸ்ட் பார்த்து ஏறும் ரெகுலேட்டரும் போடுவதே நல்லது.

“ஹோஸ் எதுவானாலும் ஒன்றுதானே, இரும்புக் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறதே?”

கடலூர்க்காரர் ஒருவர் தாமே பம்பு மாற்றினார். டேங்குக்குள் பம்பையும் மேல்மூடியையும் இணைக்க, வெளியில் போடும் ஹோஸில் ஒரு விரல் நீளம் வெட்டி மாட்டிவிட்டார். நான்கு மாதம் ஓடியது. பிறகு அரியாங்குப்பம் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால், அந்த ஹோஸ் நமத்துப்போன அப்பளம் போலத் தொளதொளத்து, கிளாம்பிலிருந்து நழுவி, பம்பு டேங்குக்குள்ளேயே பெட்ரோலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

வெளியே போடும் ஹோஸ் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். டேங்குக்குள் மூழ்குவது இரு பக்கமும் தாங்க வேண்டும். மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: வெளியே ஜே30ஆர்9, உள்ளே ஜே30ஆர்10. திருகு போகும் இடத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் கிளாம்ப் ரப்பரை அறுக்கும். இன்ஜெக்ஷனுக்கென்றே வரும் வழவழப்பான கிளாம்ப் போடுங்கள்.

“இ20 பெட்ரோல் வந்த பிறகு கணக்கு மாறுமா?”

மாறும். எத்தனால் கலக்காத பெட்ரோல் எரிய 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று. இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20-க்குச் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு எட்டொன்பது சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. ஏற்கெனவே 80 சதவீதத்தில் ஓடும் இன்ஜெக்டர் அதனாலேயே எல்லையைத் தாண்டும். பழைய கணக்கில் வாங்கியவர்கள் மறுபடியும் அளந்து பாருங்கள். லாம்டாவில் படிக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்: எரிபொருள் மாறினாலும் 0.82 என்றால் 0.82தான்.

நல்லதும் உண்டு. எத்தனால் நாக்கிங்கை எதிர்க்கும், ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும். கெட்டது, ஈரத்தை இழுக்கும். இ20-க்கு ஏற்றதல்லாத பழைய ரப்பரையும் சீல்களையும் கெடுக்கும்.

“புதுச்சேரி பெட்ரோல் விலை குறைவு என்றால் தரமும் குறைவா? டியூன் செய்த காருக்குப் போடலாமா?”

கடலூர் எல்லையிலுள்ள முள்ளோடையில் வரிசையில் நிற்கும் கடலூர் வண்டிகளைப் பார்த்தால் ஊர் பதில் சொல்லிவிடும். விலை வித்தியாசம் வரியில் இருக்கிறது. அதே எண்ணெய் நிறுவனங்கள், அதே பி.எஸ்.6 தரம். நான் சொல்வது ஒன்றுதான்: மேப் எந்த ஆக்டேனில் (நாக்கிங்கைத் தாங்கும் திறனின் எண்) செய்யப்பட்டதோ அதையே தொடர்ந்து போடுங்கள். உயர்ந்த ஆக்டேனுக்குச் செய்த மேப்பில் குறைந்த ஆக்டேன் பெட்ரோலைப் போட்டுவிட்டு என்னிடம் சத்தத்தைக் காட்டாதீர்கள்.

“மழைக்காலத்தில் தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?”

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு தண்ணீரில் நின்ற கார்கள் வரிசையாக வந்தன. எஞ்சினைப் பற்றியே எல்லோரும் கவலைப்பட்டார்கள். டேங்கின் மூச்சுக்குழாய் வழியாக உள்ளே போன தண்ணீரை யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் தங்கும், பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். தண்ணீரில் நின்ற காரின் சாவியைத் திருப்பாதீர்கள். டேங்கை வடித்து, ஃபில்டரை மாற்றிவிட்டுத்தான் பம்பை ஓட விட வேண்டும்.

“டி.எஸ்.ஐ., ஜி.டி.ஐ. போன்ற நேரடி இன்ஜெக்ஷன் கார்களுக்கு என்ன வழி?”

அங்கே இரண்டு பம்புகள். டேங்கிலிருந்து வருவது சில பார் அழுத்தத்தில். கேம்ஷாஃப்ட் தள்ளும் இரண்டாவது பம்பு அதை 150 முதல் 350 பார் வரை ஏற்றும். போர்ட் இன்ஜெக்டருக்குக் கிடைத்த 20 மில்லி விநாடி இங்கே இல்லை. இன்டேக்கும் கம்ப்ரெஷனின் ஒரு பகுதியும் முடிவதற்குள் தெளித்தாக வேண்டும், அதனால்தான் அவ்வளவு அழுத்தம். மேப் மட்டும் மாற்றும் முதல் கட்டத்துக்குப் பெரும்பாலும் உள்ளதே போதும். முழுச் சுமையில் இ.சி.யு. கேட்கும் ரெயில் அழுத்தத்தையும் கிடைக்கும் அழுத்தத்தையும் ஸ்கேனரில் அருகருகே பதிவு செய்யுங்கள். இரண்டும் பிரியும் இடமே உங்கள் எல்லை. அதைத் தாண்ட பெரிய உயரழுத்தப் பம்பு வேண்டும், சிலர் கூடுதலாகப் போர்ட் இன்ஜெக்டர்களையும் சேர்க்கிறார்கள். செலவைக் கேட்டால் பாதிப் பேர் முதல் கட்டத்திலேயே திருப்தி அடைந்துவிடுவார்கள்.

“என்னுடையது டீசல் ஸ்கார்பியோ. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?”

தலைகீழாகப் பொருந்தும். பெட்ரோலில் எரிபொருள் குறைந்தால் சூடு. டீசலில் எரிபொருள் கூடினால்தான் சூடு. கரும்புகை கக்கிக்கொண்டு போவது சக்தியின் அடையாளம் அல்ல, எரியாத டீசலும் கொதிக்கும் டர்போவும்தான். பிளக் போல மாட்டும் ‘பாக்ஸ்’ பலவும் ரெயில் அழுத்தச் சென்சாரை ஏமாற்றி அழுத்தத்தை ஏற்றுபவை; எனக்கு அவற்றின்மேல் நம்பிக்கையில்லை. இன்னொன்று: டீசலின் உயரழுத்த அமைப்பான காமன்ரெயிலில் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். 1,600 பார், அதற்கும் மேல். ஊசியைப் போலத் தோலைத் துளைத்துவிடும். துளை சிறியதுதான் என்று வீட்டில் இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

“வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாமா?”

கைப்பழக்கம் இருந்தால் செய்யலாம், மூடிய ஷெட்டுக்குள் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து போய் பக்கத்து அறையின் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். முதலில் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சினை ஓட்டி, அது தானாக அணையும் வரை விட்டால் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். உலர்தூள் தீயணைப்பான் அருகில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் எஞ்சினை எழுப்பாமல் சாவியை மட்டும் மூன்று நான்கு முறை போட்டு, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் ஒற்றிப் பாருங்கள்.

“சட்டப்படி தப்பா? பி.ஒய். பதிவு எண் என்றால் பரவாயில்லையா?”

மோட்டார் வாகனச் சட்டம் புதுச்சேரிக்கும் (பி.ஒய்.) தமிழ்நாட்டுக்கும் ஒன்றுதான். தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 52-ஆம் பிரிவு சொல்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவில் இடமிருக்கிறது. கெட்டுப்போன பம்புக்குப் பதிலாக அதே வகைப் பம்பு போடுவது பழுதுபார்ப்பு. குதிரைத்திறன் ஏற்றுவது வேறு கதை. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். மறைத்தால் விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் கேள்வியாக வரும்.

“எல்லாம் புதிது, எல்லாம் அளந்தாகிவிட்டது. காலையில் சரியாக ஓடுகிறது. வெயில் ஏறியதும் அழுத்தம் விழுகிறது. ஏன்?”

எனக்குப் பிடித்த கேள்வி. முதலில் டேங்கை நிரப்பி ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்தால், கால் டேங்கில் ஓட்டியதுதான் காரணம்: பம்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான், குறைந்தால் அது சூடாகி, உறிஞ்சும் இடத்தில் ஆவிக்குமிழி வரும். பெரிய பம்பு என்றால் 255 பற்றிய பதிலில் சொன்ன சூடும் சேர்ந்துகொள்ளும். மறையவில்லையா? ஏ.சி., ரேடியேட்டர் விசிறி, விளக்கு எல்லாம் ஓடும்போது பம்பு கனெக்டரில் வோல்ட் பாருங்கள். காலையில் அளந்தது மதியத்துக்குச் செல்லாது.

இரண்டும் சரியாக இருந்தும் மூன்று வாரம் அலைந்த ஒரு நெல்லிக்குப்பம் கார் உண்டு. கடைசியில் டேங்கின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். புதுப் பம்பு பழையதைவிட இரண்டு சென்டிமீட்டர் நீளம். வலைப்பை டேங்கின் தரையில் மடிந்து உட்கார்ந்திருந்தது. குளிர்ந்திருக்கும்போது விறைப்பாக நின்றது, சூட்டில் இளகியதும் பம்பின் வாயோடு ஒட்டிக்கொண்டது. பம்பின் பிடியை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி மாட்டினேன். பத்து நிமிட வேலை.